ஒரே கம்பெனி, ஒரே ஆட்குறைப்பு, இரண்டு நாடு

ஜெர்மனியில் மின்னஞ்சல் அனுப்பி யாரையும் வேலையிலிருந்து நீக்க முடியாது. பணிநீக்கக் கடிதம் தாளில் இருக்க வேண்டும், அதில் பேனாவால் போட்ட கையெழுத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்று இங்குள்ள சிவில் சட்டத்தின் 623-ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்கேன் செய்து அனுப்பினாலும் செல்லாது, போனில் சொன்னாலும் செல்லாது. அமெரிக்காவிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பவே மாட்டார்கள்.

நான் கோயம்புத்தூரில் பிறந்தவன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பல வருடம் வேலை பார்த்து, அங்கேயே குடியுரிமையும் வாங்கி, அப்புறம் அதே கம்பெனியின் ஜெர்மனி அலுவலகத்துக்கு, ஸ்டுட்கார்ட் நகருக்கு மாற்றலாகி வந்தேன். அலுவலகத்தில் என்னை அமெரிக்கர் என்பார்கள், டிராமில் இந்தியராகத்தான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டின் மகிமை இங்கே வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் விசா எதுவும் இல்லாமல் வந்து இறங்கி, வந்த பிறகு குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். என் குழுவிலேயே சேர்ந்த சென்னைக்காரர், என்னைவிடக் கெட்டிக்காரர், விசா கையில் வருவதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது. சரி, அது வேறு கதை.

ஆட்குறைப்பு அறிவிப்பு இரண்டு நாட்டுக்கும் ஒரே நாளில் வந்தது. தலைமை அதிகாரியின் கடிதம் ஒன்றுதான், அதில் கடைசிப் பத்தியில் மட்டும் 'ஐரோப்பாவில் உள்ளூர்ச் சட்டப்படி' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒஹாயோ பக்கம் என்ன நடந்ததென்றால், காலையில் சிலருக்குக் கால் மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு காலண்டர் அழைப்பு வந்தது. திரையில் எச்.ஆரிலிருந்து ஒருவர், கூடவே யாரென்றே தெரியாத ஒரு மேனேஜர். மதியத்துக்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. மொண்டானா ஒன்றைத் தவிர எல்லா மாநிலங்களிலும், காரணம் சொல்லாமலே அனுப்பலாம் என்பதுதான் பொது விதி. பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-இல் ஒரு சட்டம் வந்தது உண்மைதான், ஆனால் அந்த 60 நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அன்றே வாசலைக் காட்டிவிடுவது சாதாரணம். என் பழைய கூட்டாளி ஒருவர் சொந்தப் போனிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பினார். வேலை போன வருத்தம் அதில் ஒரு வரிதான். மீதியெல்லாம் மகனின் பல் கம்பிக்கு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்ற கவலை. வேலையோடு மருத்துவக் காப்பீட்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் நாடு அது. 'கோப்ரா' என்று ஒரு ஏற்பாடு உண்டு, பழைய காப்பீட்டையே பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முழுப் பணத்தையும் நாமே கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் நின்ற நேரத்தில். பெயரை யோசித்துத்தான் வைத்தார்களோ என்னவோ!

ஸ்டுட்கார்ட்டில் அன்றைக்கு யாரும் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. இங்கே பெட்ரீப்ஸ்ராட் என்று ஒன்று உண்டு, ஊழியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம். தொழிற்சங்கம் வேறு, இது வேறு. ஐந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில்கூட அமைத்துக்கொள்ளலாம். ஒருவரை நீக்குவதற்கு முன் இந்த மன்றத்திடம் காரணத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும், கேட்காமல் நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது. எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்கள், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு. மன்றத் தலைவி சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எழுந்து நின்று நிர்வாக இயக்குநரிடம், இத்தனை பேர் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள், தாளைக் காட்டுங்கள் என்று கேட்டார். குரல்கூட உயரவில்லை. அவரும் பதில் சொன்னார், சொல்ல முடியாத இடத்தில் அடுத்த வாரம் எழுத்தில் தருகிறேன் என்றார், தரவும் செய்தார். ஒஹாயோவில் இதே மாதிரிக் கூட்டத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நாங்களெல்லாம் அவருக்கு மனதுக்குள்ளேயே பிரியாவிடை சொல்லியிருப்போம்.

யார் போக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்களுக்குள் சட்டம் பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்கள்: எத்தனை வருடச் சேவை, வயது, யார் யாரைக் காப்பாற்றும் பொறுப்பு இருக்கிறது, கடுமையான உடல் குறைபாடு உண்டா. எங்கள் அலுவலகத்தில் இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு ஒரு அட்டவணை தயாரானது. எனக்கு இரண்டு பிள்ளைகள், தலையில் நரையும் உண்டு, ஒஹாயோ வருடங்களையும் சேவையில் சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள், தப்பித்தேன். பக்கத்து மேசைப் பையன், கல்யாணம் ஆகாதவன், எங்கள் குழுவில் யாருக்கும் புரியாத பழைய புரோகிராம்களையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், அவன் போனான். முக்கியமான சிலரை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைக்க நிர்வாகத்துக்கு வழி உண்டு, அந்தப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. மூன்று வருடமாக ஒரு ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு மூத்தவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். இது நியாயமா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒஹாயோவில் போனவர்கள் எந்தக் கணக்கில் போனார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த மாதங்களில் நான் ராத்திரி பதினோரு மணிக்கும் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் படிந்த பழக்கம் அது. ஆள் இருக்கிறான், ஓடியாடி உழைக்கிறான் என்று மேலே தெரிய வேண்டும். இங்கே அந்த அட்டவணையில் உழைப்புக்கு ஒரு பத்தியே கிடையாது. என் மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, தயவுசெய்து நிறுத்துங்கள், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் 11 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும் என்பது சட்டம், உங்கள் மெயிலில் இருக்கும் நேரத்தைப் பார்த்து மன்றத்துக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள் என்றார். உரிமையாகச் சொன்னாரா எரிச்சலாகச் சொன்னாரா என்று இன்றும் புரியவில்லை, இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பேச்சுவார்த்தை உச்சத்தில் இருந்த ஆகஸ்டில் பாதி அலுவலகம் மூன்று வாரம் விடுமுறையில் போய்விட்டது, பட்டியலில் பெயர் வரலாம் என்று தெரிந்தவர்களும் சேர்த்துத்தான். அமெரிக்கர் யாரும் அந்த மாதத்தில் இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. ஒஹாயோ கூட்டாளிக்குச் சில வாரங்களிலேயே வேலை கிடைத்தது, சம்பளமும் கூட. நீக்கப்பட்டவர்கள் அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஒருவருக்கொருவர் சிபாரிசு எழுதி, முன்பின் பேசியிராதவர்களைக்கூட நேர்காணல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வேகமும் கலகலப்பும் இங்கே கிடையாது. இங்கே ஒருவரை எடுத்துவிட்டால் அனுப்புவது கஷ்டம் என்பதால் எடுப்பதற்கே தயங்குகிறார்கள். பக்கத்து மேசைப் பையனுக்கு இழப்பீடு கிடைத்தது, கழித்தது போகக் கையில் வந்த சம்பளத்தில் சுமார் 60 சதவீதம் அரசு உதவித்தொகையும் கிடைத்தது (குழந்தை இருந்தால் 67), மருத்துவக் காப்பீடு ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஆனால் மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசி நாளன்று அவனே கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தான். பிறந்தநாள் என்றாலும் சரி, பிரிவு என்றாலும் சரி, கேக் கொண்டுவருவது சம்பந்தப்பட்டவர் பொறுப்பு என்பது இங்கத்திய வழக்கம். சாப்பிட்டுவிட்டுக் கைகுலுக்கிவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

என் பங்குக்கு அமெரிக்கா இன்னும் என்னை விடவில்லை. உலகத்தில் எங்கே இருந்தாலும் குடிமகன் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்கும் நாடு அது. வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலர் தாண்டினால் தனியாக ஒரு அறிக்கை வேறு. அமெரிக்கர்களின் கணக்கு விவரங்களை வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்காவுக்குத் தர வேண்டும் என்று 2010-இல் வந்த ஃபாட்கா சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கர் என்று தெரிந்தாலே முதலீட்டுக் கணக்குத் தர மாட்டோம் என்று சொல்லும் வங்கிகள் இங்கே உண்டு. எனக்கும் ஒன்று அப்படிச் சொன்னது.

மன்றத் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் நடக்கும். ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் நிற்கலாம். தலைவி என்னையும் நிற்கச் சொல்கிறார், ஒஹாயோவில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர் இருந்தால் பேச்சுவார்த்தையில் உதவும் என்கிறார். எனக்கும் ஆசைதான். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்க வரிக்கணக்குக் கெடு ஜூன் 15, அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஓட்டுக் கேட்கப் போங்க என்றாள்.