பந்தோடு ஓடக்கூடாது: கூடைப்பந்து பிறந்த விதி

கூடைப்பந்தில் எந்த விதி முக்கியம் என்று யார் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் சொல்வேன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பதை. கிருஷ்ணகிரியில் எங்கள் பகுதிப் பையன்களுக்குச் சாயங்காலம் ஆட்டம் சொல்லித்தரும்போதும் கூடை போடுவதற்கு முன்னால் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் இந்த ஆட்டமே இந்த ஒரு யோசனையிலிருந்து பிறந்தது.

1891, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே ஆட முடியாது, கூடத்துக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து செய்து மாணவர்களுக்கு வெறுத்துப்போய்விட்டது. உள்ளே ஆடுகிற மாதிரி ஒரு புது ஆட்டம் வேண்டும் என்று உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் குலிக் கேட்க, கனடாவிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித்துக்குக் கிடைத்த கெடு 14 நாள். முதலில் அவர் ஏற்கெனவே இருந்த ஆட்டங்களைத்தான் உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்து, வலைக் கோலால் பந்து எறியும் லக்ராஸ் எதுவும் சரிவரவில்லை, மரத்தரையில் மோதி விழுந்தால் அடிதான்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்து யோசித்தார். ரக்பியில் ஏன் ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள்? பந்தோடு ஓடுகிறான், அவனை நிறுத்த வேறு வழியில்லை. அவன் ஓடவே கூடாது என்றால்? தள்ள வேண்டிய தேவையே போய்விடுகிறது! சரி, இலக்கு எங்கே? தரையில் கோல்போஸ்ட் வைத்தால் பலம் உள்ளவன் வேகமாக எறிவான், அடிபடும். சின்ன வயதில் கனடாவில், பாறைமேல் வைத்த கல்லை இன்னொரு கல்லால் தட்டிவிடும் விளையாட்டு ஒன்றை ஆடியிருந்தார். அதில் மேலே தூக்கி வளைத்து எறிவது நல்ல உத்தி என்பது ஞாபகம் வர, இலக்கைத் தலைக்கு மேலே படுக்கையாக வைத்துவிட்டார், இனி பலம் அல்ல, கை நிதானம்தான் வேலை செய்யும்.

பள்ளி ஊழியரிடம் அவர் கேட்டது பெட்டிகள், கிடைத்தது இரண்டு பீச் பழக் கூடைகள். அவற்றைக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள், அந்தக் கைப்பிடி இருந்த உயரம் 10 அடி. இன்று உலகம் முழுக்க வளையம் 10 அடியில் இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான். 13 விதிகளை டைப் அடித்து ஒட்டினார், வகுப்பில் 18 பேர் என்பதால் பக்கத்துக்கு 9 பேர், பந்து கால்பந்து. முதல் ஆட்டம் 1-0.

பையன்களுக்கு இதைச் சொன்னதும் "அப்படியே ஆடிப் பாக்கலாம்ணா" என்றார்கள். மாங்காய் மண்டியில் இப்போது பிளாஸ்டிக் பெட்டிகள்தான், தேடி ஒரு பழைய மூங்கில் கூடை வாங்கிவந்து வளையத்தில் கட்டினோம். அன்றைய விதிப்படி பிடித்த இடத்திலிருந்தே பந்தை எறிய வேண்டும், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகிற டிரிபிளிங் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் ஒருவன் ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தது வேறு. வழக்கமாக நெட்டையான இரண்டு பேர் பந்தைத் தட்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள், அன்றைக்கு அவர்களும் நின்று யாருக்குக் கொடுக்கலாம் என்று தேட வேண்டியிருந்தது, எப்போதும் ஓரத்தில் நிற்கும் ஒல்லிப் பையன்கள் கைக்குப் பந்து திரும்பத் திரும்ப வந்தது. டிரிபிளிங் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் அழகு தனி. ஆனால் பந்தைக் கொடுத்து வாங்கப் பழகாத பையனுக்கு டிரிபிளிங்கை முதலில் சொல்லித்தருவது அவனுக்கு நல்லதில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த ஆட்டம் நம் பக்கம் வேரூன்றியதிலும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பங்கு உண்டு. அங்கே படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். எனக்குச் சொல்லித்தந்த பி.டி. மாஸ்டரும் நந்தனத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க ஆட்டமானது, நைஸ்மித்தும் போயிருந்தார். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண்தரையில், மழையில். அமெரிக்கா 19, கனடா 8. சேற்றில் பந்து எழும்பாததால் தட்டிக்கொண்டு போக வழியில்லை, கைக்குக் கை கொடுத்துத்தான் ஆடினார்கள். எங்கள் மைதானமும் மண்தான், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் இப்போது பையன்களே பழைய விதியில் ஆடலாம் என்கிறார்கள். ஒரு அணி தொடர்ந்து 3 ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் என்ற விதியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் சண்டை வருகிறது. விதி விதிதான், நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.