இழுவைக் கருவி: கம்பியைத் திருகும் முன் ஸ்பிரிங் கோட்டைப் பாருங்கள்

பெய்ரோனி நோயால் ஆணுறுப்பு வளைந்தவர்களுக்கு யூராலஜி மருத்துவர்கள் இழுவைக் கருவி எழுதித் தருவதுண்டு. பார்சல் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ பத்திரமாக வந்துவிடும்; எப்படித் திருகுவது என்று காட்டத்தான் ஆள் இல்லை. கேட்கக் கூச்சம். கடைசியில் வாரம் தவறாமல் கம்பியை நீட்டுவதே சிகிச்சை என்று ஆகிவிடுகிறது. தோல் புண்ணாவதற்கும், பாதியில் கருவியைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இரட்டைக் கம்பி வகையைப் பற்றித்தான் சொல்கிறோம். அடியில் ஒரு வளையம், இரு பக்கமும் ஸ்பிரிங் பொதிந்த கம்பி, மேலே மொட்டுக்குப் பின்னால் பிடிக்கும் சிலிக்கோன் பட்டை. கம்பியின் அடியில் மரை இருக்கும். நீளம் போதாதபோது சேர்க்கச் சிறு துண்டுகளும் வரும். மாட்டியதும் ஸ்பிரிங் அமுங்கும். எந்தக் கோடு வரை அமுங்குகிறதோ, அதுவே இழுவிசை. பல கருவிகளில் 600 முதல் 1500 கிராம் வரை கோடு உண்டு. தொடக்கம் எப்போதும் கீழ்க்கோட்டில். அடுத்த கோட்டுக்கு எப்போது போவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நாளாக ஆகத் திசு நெகிழும், ஸ்பிரிங் விரியும், கோடு (அதாவது இழுவிசை) இறங்கும். அப்போது மட்டும்தான் கம்பியைத் தொட வேண்டும். கோடு இறங்காதபோது நீட்டினால் கூடுவது விசைதான்.

திருகும்போது கருவி உடம்பில் இருக்கக் கூடாது. கழற்றி, வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். ஆத்தங்குடித் தரையின் பூவேலைக்குள் துண்டுக் கம்பி விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. முதலில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்: பத்துச் சுற்று திருகி, வெர்னியர் அளவுகோலால் அளந்து, பத்தால் வகுக்க வேண்டும். அந்தப் பத்துச் சுற்றையும் திருப்பிவிட்டு, பிறகு இரு பக்கமும் ஒரே ஒரு சுற்று. மாட்டிப் பத்து நிமிடம் பொறுத்துக் கோட்டைப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு சுற்று.

இரண்டு கம்பியும் சம நீளம் இருந்தே ஆக வேண்டும். ஒன்று கூடினால் மேல்பிடி சாயும், பட்டை ஒரு பக்கமாக அழுத்தும், அங்கே தோல் கன்றும். வளைவை நிமிர்த்தலாம் என்று ஒரு பக்கத்தை மட்டும் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வகை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மரை முழுவதும் வெளியே வரும்வரை திருகாதீர்கள். குறைந்தது கம்பியின் பருமன் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். அந்த நிலை வந்தால் துண்டு சேர்க்கும் நேரம். 1 செ.மீ. துண்டு சேர்க்கிறீர்கள் என்றால், அதே 1 செ.மீ. அளவுக்குப் பழைய மரையை உள்ளே திருப்பிவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. என்றால் 20 சுற்று. இதை மறந்தால் ஒரேயடியாக 1 செ.மீ. தாவிவிடும், துண்டு சேர்த்த அன்று வலி வர இது ஒரு காரணம்.

துண்டை மாட்டும்போது முதலில் இடப்பக்கமாகச் சுழற்றுங்கள். மெல்ல 'டக்' என்று இறங்கும். அதன்பின் வலப்பக்கம். அப்படிச் செய்தால் மரை குறுக்கே ஏறாது. விரல் பலம் போதும், கொறடு வேண்டாம். துண்டு தொலைந்துவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம் என்று தோன்றும். மரை இடைவெளி சற்று மாறினாலும் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், அல்லது மாட்டியிருக்கும்போதே நழுவும். அப்போது மொத்த இழுப்பும் ஒரு பக்கம் போகும். தயாரித்தவர்களிடமே உதிரி கேளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வை உப்பு மரைக்குள் படிந்து இறுகும். மிதமான சோப்பு, பழைய பல் துலக்கி, பிறகு நன்றாக உலர்த்தல். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். பட்டை வழுக்கும், தூசியும் ஒட்டும். தளர்வான வேட்டிக்குள் கோட்டைக் குனிந்து பார்ப்பது எளிது. இறுக்கமான பேண்ட் மேல்பிடியையே தள்ளிவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி ஓய்வு கொடுங்கள். மொட்டு நீலமானால், சில்லிட்டால், மரத்துப்போனால் அந்த நொடியே கழற்ற வேண்டும். விறைப்பு வந்தாலும் உடனே கழற்றுங்கள். தூங்கும்போது அணியவே கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் வலியை நம்பியிருக்க முடியாது, அரை மணிக்கொருமுறை நிறத்தைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

ரெஸ்டோரெக்ஸ் போன்ற கருவிகளை நாளுக்கு 30 முதல் 90 நிமிடம் அணிந்தால் போதும். அவற்றின் பிடியும் திருகும் முறையும் வேறு. மேலே சொன்ன சுற்றுக் கணக்கை அவற்றில் போட்டுப் பார்க்காதீர்கள்.