கும்பகருணன் சொன்ன இரண்டு யோசனைகள்

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர், கட்டுரைக் கொப்பியில் "செஞ்சோற்றுக்கடன்" என்று கண்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். கம்பராமாயணத்துக் கும்பகருணனைப் பற்றி எழுதச் சொன்னால் முழு வகுப்பும் அங்கேதான் தொடங்கும். டியூட்டரி நோட்ஸ் அப்படி. "இது தீர்ப்பு. வழக்கு எங்கையடா?" என்பார்.

வழக்கை அவரே எடுத்து வைத்தார். போருக்கு முன் இராவணன் சபை கூட்டி ஆலோசிக்கும் மந்திரப் படலத்தில் கும்பகருணன் அண்ணனை நேரே கண்டிக்கிறான்: "பேசுவது மானம், இடை பேணுவது காமம்." இந்த வரியை எல்லாரும் எழுதுவோம். ஆனால் அதே பேச்சிலேயே, இனிச் சீதையை விட்டால் "எளியம் ஆதும்", அதாவது இளைத்தவர்களாகிவிடுவோம், இராமன் பக்கத்தார் வெல்ல நாம் செத்தாலும் பழியில்லை என்கிறான். நோட்ஸ்காரருக்கு அந்தப் பாட்டு இடைஞ்சல், விட்டுவிடுவார்கள். பிறகு முதற்போர். இராவணன் வெறுங்கையோடு திரும்பி, உறங்குகிறவனை எழுப்புவிக்கிறான். இப்போது கும்பகருணன் சொல்வது வேறு: சீதையை விட்டு, இராமன் காலில் விழுந்து ("தையலை விட்டு, அவன் சரணம் தாழ்ந்து"), தம்பி வீடணனோடு சேர்ந்துகொள்.

ஒரே ஆள் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறான்? அதற்கு விடை தேடுவதுதான் கட்டுரை என்பது சேரின் கட்சி. அணிகளை எண்ணிவிட்டு "கம்பன் சிறப்புறப் பாடியுள்ளான்" என்று முடித்தால் கொப்பி பறக்கும். உன் கருத்துக்கு எதிராக நிற்கும் பாட்டை ஒளிக்கக்கூடாது, அதுதான் அவருடைய ஒரே சட்டம். (சோதனைக்கு அது உதவியதா என்று கேட்காதீர்கள்.)

நான் எழுதியது: முதலில் பேசுபவன் இன்னும் தோற்றறியாத அரக்கர் குலத்து வீரன், பின்னால் பேசுபவன் அண்ணன் உயிரோடு இருந்தால் போதும் என்ற தம்பி. பக்கத்து வாங்கு நண்பன் மறுத்தான். கும்பகருணன் மாறவேயில்லை என்றான். சுக்கிரீவன் மூக்கைக் கடித்த பின், அந்த முகத்தை யாரும் பார்க்காதபடி தலையை அறுத்துக் கடலில் போடு என்று இராமனிடமே கேட்கிறானே, கடைசிவரை மானம்தானே என்பது அவன் வாதம். சேர் இருவருக்கும் ஒரே புள்ளி போட்டார். அதில் எனக்கு இன்றும் திருப்தியில்லை.

அந்த நண்பன் இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். தொலைபேசியில் இதே சண்டை. அடுத்த மலரில் தன் பக்கத்தை அவனே எழுதட்டும்.