தலை எண்ணுவதில் தொடங்குகிறது

ராணுவ அதிகாரிப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளியில் ஹவுஸ் கேப்டன் (ஹவுஸ் எனப்படும் மாணவர் பிரிவின் தலைவர்) ஆகிறவருக்குத் தோளில் பட்டை ஏறும் நாள் பெரிய நாள். பேட்ஜ் குத்துவது, உறுதிமொழி, படம் எடுப்பது எல்லாம் அன்றோடு முடிந்துவிடும். வேலை மறுநாள் விடியற்காலை ஃபால்-இன்னில், அதாவது எல்லாரும் வரிசையில் வந்து நிற்கும்போது, ஆரம்பிக்கிறது. ஹவுஸில் மொத்தம் எத்தனை பேர், வரிசையில் எத்தனை பேர், மீதிப் பேர் எங்கே? மூன்றுக்கும் அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

மொத்தம் 62 என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 57, எம்.ஐ. ரூமில் (மருத்துவ அறையில்) 3, மெஸ் டியூட்டியில் 1, அனுமதியோடு வெளியே 1. மூன்று வரிசையாக நிறுத்தினால் வரிசைக்கு 19 பேர். ஓர் ஆள் குறைந்தாலும் ஓட்டை கண்ணில் படும். கணக்கு இங்கே பிசகுவதில்லை. எம்.ஐ. ரூமில் 3 பேர் என்பதை முந்தின இரவுக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்வதில்தான் பிசகுகிறது. அந்த மூவரில் ஒரு பிள்ளை இரவே அங்கிருந்து கிளம்பியிருக்கும். கூட்டினால் 62 வரும், ஆனால் ஓர் ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாராவது ஒருவர் எம்.ஐ. ரூம் வரை நடந்துபோய், கட்டிலில் ஆளைப் பார்த்துவிட்டு வந்த பிறகே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். "ஒருவர் குறைகிறார் சார், தேட அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லும் கேப்டனை எல்லார் முன்னாலும் ஆசிரியர் திட்டினால், நாளையிலிருந்து "எல்லாரும் ஆஜர் சார்" என்ற பதில்தான் வரும். உண்மையான ரிப்போர்ட் வருவது பாதி கேட்கிறவர் கையில் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளை 1961-இல் தொடங்கிவைத்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் நோக்கம். நம் தமிழ்நாட்டின் அமராவதிநகர்ப் பள்ளி 1962-இல் வந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு வயது 10 முதல் 12. 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அம்மாவை விட்டு வந்து ஒரு வாரமான பிள்ளைக்கு 17 வயதுப் பிள்ளை தலைவர். நடைமுறையில் வரும் சிக்கல்களில் பாதி இந்த வயது இடைவெளியில் இருந்துதான் பிறக்கிறது.

'ஐந்து நிமிடம் முன்னால் நில்' என்ற மரபைப் பாருங்கள். நல்ல மரபு. ஆனால் பரேடு 6.00 மணிக்கு என்றால் பள்ளி கேப்டன் 5.55 என்பார், ஹவுஸ் கேப்டன் 5.50, அவருக்கு அடுத்த மாணவப் பொறுப்பாளரான பிரிஃபெக்ட் 5.45, டார்மிட்டரி பொறுப்பாளர் 5.40. கடைசியில் தூக்கம் கெடுவது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. முதலில் சொன்ன நேரத்திலேயே அந்த ஐந்து நிமிடம் அடங்கிவிட்டது, நடுவில் யாரும் கூட்டக்கூடாது என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டால் இது நின்றுவிடும்.

உடுப்பு பார்ப்பது மேலிருந்து கீழே: பெரே தொப்பி, காலர், பெயர்ப் பட்டை, பெல்ட், மடிப்பு, ஷூ. புதுத் தொப்பியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் வைத்தபடியே வடிவம் கொடுத்துக் காயவிட வேண்டும். வெயிலில் கொடியில் போட்டால் காளான் குடை மாதிரி நிற்கும். பெல்ட் பக்கிளைக் கழற்றித் தனியாக பிராசோ (பித்தளை பாலிஷ்) போட வேண்டும். பெல்ட்டோடு சேர்த்துத் தேய்த்தால் துணியில் கறை ஏறும், எழுத்து இடுக்கில் வெள்ளையாகத் தங்கும். பழைய பல் பிரஷ் இருந்தால் அது போய்விடும். ஷூவில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பாலிஷை அப்பினால் பளபளக்காது. விரல் நுனியில் துணியைச் சுற்றி, துளி பாலிஷ், ஒரு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டம். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கண்ணாடிப் பளபளப்பு முனைக்கும் குதிகாலுக்கும் மட்டும்தான். கால் மடங்கும் இடத்தில் கனமாகப் பூசினால் பத்து எட்டு நடப்பதற்குள் விரிசல் விட்டு உதிரும். இதைப் புதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஷூவைத் தான் செய்து காட்டி, மறு ஷூவை அவனிடம் விடுகிற சீனியர்தான் எனக்குத் தலைவராகத் தெரிகிறார்.

டிரில்லில் எட்டுக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 எட்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கால் அதை எளிதாக எட்டும். பதினொரு வயதுக் கால் எட்டாது. பின்னால் ஓடிவந்து வரிசையைக் கலைக்கும். உயரப்படி பிரித்து, நெட்டையானவர்களை இரு ஓரத்திலும் குட்டையானவர்களை நடுவிலும் நிறுத்துவது வழக்கம். வேகத்தையும் நடுவில் நிற்பவர்களைப் பார்த்தே வைக்க வேண்டும். விரைவு நடைக்கான "தேஜ் சல்" கட்டளையில் "தேஜ்" என்று நீட்டி, ஒரே அளவு இடைவெளி விட்டு, "சல்" என்று வெட்ட வேண்டும். இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறினால் பாதிப் பேர் முந்துவார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

மரபு எது, ராகிங் எது? ஹவுஸ் மாஸ்டர் (ஹவுஸுக்குப் பொறுப்பான ஆசிரியர்) பக்கத்தில் நின்றாலும் அதைச் செய்வாயா, நீயும் சேர்ந்து செய்வாயா? இந்த இரண்டு கேள்வி போதும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. "எங்களுக்கும் செய்தார்கள்" என்பது பதிலாகாது. தண்டனை தப்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஷூ அழுக்கு என்றால் மாலையில் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து காட்டட்டும். ஐம்பது ஃப்ரண்ட் ரோல் (குட்டிக்கரணம்) போட்ட பிறகும் ஷூ அழுக்காகவே இருக்கும், உடுப்பும் கெட்டிருக்கும். ஒருவன் தப்புக்கு டார்மிட்டரி முழுவதையும் தண்டிப்பது இன்னும் மோசம். விளக்கு அணைந்த பிறகு அந்த ஒருவன் தனியாக மாட்டிக்கொள்வான்.

டேராடூன் ராணுவ அகாடமியின் 1932 டிசம்பர் 10 தொடக்க விழாவில் அன்றைய இந்தியத் தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் வைத்த வரிசை இன்றும் அதிகாரிகளுக்குப் பாடம்: முதலில் நாடு, அடுத்து உன் வீரர்கள், கடைசியில் நீ. பள்ளி மெஸ்ஸில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. கேப்டன் கடைசியில் தட்டெடுக்க வேண்டும். குழம்பு தீர்ந்துபோனதும் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

ஆண்டு முடிவில் பொறுப்பு கைமாறும்போது கோப்பைகள், விளையாட்டுச் சாமான்கள், சாவிகள் எல்லாம் எண்ணிக் கையெழுத்தாகும். அதோடு ஹவுஸ் மாஸ்டர் முன்னிலையில், காகிதத்தில் எழுதாமல், புதுக் கேப்டனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியவையும் உண்டு: யாருக்கு இரவில் மூச்சு இழுக்கும், யார் தூக்கத்தில் நடப்பான், யார் வீட்டுக்குப் போன் பேசிய அன்று சாப்பிட மாட்டான்.