இன்னொரு பாட்டில் சலைன் வேண்டுமா?

செப்சிஸ் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. ஏற்றியாச்சு, பிபி இன்னும் தள்ளாடுகிறது. அடுத்த பாட்டிலைத் தொங்கவிடும் முன் காலை உயர்த்திப் பாருங்கள். அவருடைய ரத்தமே சுமார் 300 மி.லி. இதயத்துக்குப் போகும், காலை இறக்கினால் திரும்பிவிடும்; சலைன் பலன் தருமா என்பதற்கு இது ஒரு ஒத்திகை. ஏற்றிய சலைனை அப்படி வாங்க முடியாது.

இதைப் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். மட்டமாகப் படுத்தவரின் காலை மட்டும் தூக்கினால் போதாது. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்த நிலையில் தொடங்கி, கட்டிலையே சாய்த்து உடலை மட்டமாக்கி, காலை 45 டிகிரிக்கு ஏற்றுங்கள். வயிற்று நாளங்களில் தேங்கிய ரத்தமும் அப்போதுதான் வரும். கையால் பிடித்துத் தூக்கினால் வலியில் நாடித்துடிப்பு எகிறி, கணக்கு கெடும். சளியை முன்னாலேயே உறிஞ்சிவிடுங்கள், நடுவில் இருமினாலும் இதே கதைதான்.

பிபியை நம்பாதீர்கள். எக்கோவில் விடிஐ (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தைக் காட்டும் அளவு) ஒன்றரை நிமிடத்துக்குள் 10 சதவீதமாவது கூடுகிறதா பாருங்கள். வயிற்றுக்குள் அழுத்தம் அதிகமென்றால் இந்தச் சோதனை ஏமாற்றும். (சிவிபி, அதாவது இதயத்தருகே பெரிய சிரையில் உள்ள அழுத்தத்தின் எண்ணைப் பார்த்து சலைன் எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை!)

கூடினாலும் உடனே ஏற்றிவிட வேண்டாம்; ஆரோக்கியமானவருக்கும் கூடும். விரல் நுனியை 10 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு கையை எடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகி, லாக்டேட்டும் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அமிலப்பொருள்) இறங்காவிட்டால், 250 மி.லி. கொடுத்து மறுபடி அளக்கலாம். கூடவில்லையா, ரத்தநாளங்களைச் சுருக்கி பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் பக்கம் போங்கள். நுரையீரல் ஸ்கேனில் புதிதாக பி-லைன் (நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டும் கோடு) தெரிந்தால் சலைனை நிறுத்துங்கள்.