பிளெண்டரில் கஜயாளி: முதுகில்லாத உருவத்தைச் செதுக்கி அச்செடுத்த அனுபவம்

யாளி செய்யக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோயில் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளிகளுக்கு முதுகு கிடையாது. தூணும் யாளியும் ஒரே கல். முகம், மார்பு, முன்னங்கால், விலா வரைக்கும் கண் கொள்ளாத வேலைப்பாடு. பிடரியைத் தாண்டினால் தூண்தான் இருக்கும். எத்தனை படம் சேர்த்து வைத்தாலும், முதுகெலும்பு எப்படி வளைகிறது, வால் எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு விடை கிடைக்காது. தனியாக நிற்கும் ஒரு கஜயாளியை (யானைத் துதிக்கையும் சிங்க உடம்பும் கொண்ட யாளி) பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கி, 15 செ.மீ. உயர ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) சிலையாக 3டி பிரின்டரில் அச்செடுத்து முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். பிளெண்டரில் செதுக்குவதற்கான ஸ்கல்ப்ட் மோடில் நாலு பிரஷ் பிடித்துப் பழகியவர்களுக்கான குறிப்புகள் இவை.

மாதிரி தேடும் இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. படமெடுக்கும் எண்ணத்தில் போனால், போனை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு உள்ளே நிற்க வேண்டியதுதான். ஸ்கெட்ச் நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். முன்னால் நின்று வரையாதீர்கள். தூணின் பக்கவாட்டில் நின்று மார்பிலிருந்து தொடை வரை ஓடும் கோட்டை மட்டும் பிடித்தால் போதும். படம்தான் வேண்டும் என்றால் ஹம்பி விட்டலர் கோயில் மண்டபத் தூண்கள் நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் புலிக்குகையைச் சுற்றியுள்ள யாளித் தலைகளும் திறந்தவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பல்லவத் தலையை எடுத்து நாயக்கர் கால உடம்பில் பொருத்தாதீர்கள். அதில் துதிக்கை இல்லை, நேர்ப்பார்வை முகம். நாயக்கர் யாளியோ பற்களுக்கு இடையிலும் உளி புகுந்து குடைந்த வேலை. இரண்டும் ஒட்டாது.

இன்னொன்று, கீழிருந்து அண்ணாந்து எடுத்த படத்தை அப்படியே பின்னால் வைத்து வரைந்தால் தலை சிறுத்து, தொடை பருத்துவிடும். படத்தை விகிதத்துக்கு நம்பாமல் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் வியூபோர்ட்டின் ஃபோக்கல் லெங்த் 50-இல் இருக்கும். 80-க்கு மேல் ஏற்றினால் முகம் துருத்திக்கொண்டு தெரிவது குறையும்.

பணம் கட்டிச் சேர்ந்த ஒரு ஆன்லைன் வகுப்பில் முதல் பாடமே செதில் பதிக்கும் பிரஷ்தான். கேள்வி கேட்டால் அடுத்த வீடியோவைப் பாருங்கள் என்று பதில் வரும். செதில் கடைசி வேலை. முதலில் மூன்று உருண்டைகள்: தலை, விலாக்கூடு, இடுப்பு. அவற்றின் சாய்வு சரியாக அமையும்வரை பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். பின்னங்காலில் எல்லோரும் தடுமாறுவார்கள். சிங்கம் விரல் ஊன்றி நடக்கிற விலங்கு. பின்பக்கம் மடிந்து தெரிவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. இது தெரியாமல் செய்த யாளிகள் மனிதன் வேஷம் கட்டி நிற்பதுபோல இருப்பதை இணையத்தில் நிறையப் பார்க்கலாம்.

யானையும் சிங்கமும் சந்திக்கும் இடம் வாய். அங்கே ஒரு முடிவு எடுக்காமல் முன்னே நகர முடியாது. யானைத் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல் நீண்டு வளர்ந்தது. சிங்கத்தின் கூரிய பல் கோரைப்பல். வரிசைப்படி துதிக்கையை ஒட்டித் தந்தம், அதற்குப் பின்னால் கோரைப்பல். இப்படி வைத்தவுடன் முகத்தில் இருந்த நெரிசல் தீர்ந்துவிடும். துதிக்கையே மூக்கும் மேலுதடும் சேர்ந்ததுதான், அதனால் சிங்கத்தின் மேலுதட்டைத் தனியாக வைக்க இடமில்லை. துதிக்கையின் அடிப்பாகத்தை இரு பக்கமும் விரித்து, கோரைப்பல்லுக்கு மேல் உதடாக இறக்குங்கள். துதிக்கையை ஸ்நேக் ஹுக் பிரஷ்ஷில் இழுத்தால் மெஷ் (உருவத்தின் வலைப்பரப்பு) ரப்பர்போல நீண்டு கிழியும். கர்வ் (வளைகோடு) ஒன்றைப் போட்டு, பெவலில் பருமன் கொடுத்து, நுனியை ஒடுக்கி, மெஷ்ஷாக மாற்றிச் சேர்ப்பதே சுலபம்.

அளவு விஷயத்தில் நான் வைத்துக்கொண்ட கணக்கு: மாடல் உயரம் 1.5 மீட்டர், ஏற்றுமதி செய்யும்போது ஸ்கேல் 100. அச்சில் அது 150 மி.மீ. ஆகிவிடும்; மாடலில் 0.01 என்றால் கையில் 1 மி.மீ. வாக்ஸல் ரீமெஷ் (மெஷ்ஷைச் சம அளவுக் கட்டங்களாகத் திரும்பக் கட்டுவது) அளவு முதலில் 0.03, உருவம் பிடிபட்ட பிறகு 0.01. வாக்ஸலைவிடக் குறுகலான இடைவெளி எதுவாக இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும்: கால்விரல்கள், பற்கள், தொடைக்கும் வாலுக்கும் நடுவில் உள்ள சந்து. ஆகவே கண், பல், நாக்கு எல்லாம் கடைசிவரை தனித்தனி ஆப்ஜெக்ட்டாகவே இருக்கட்டும். ரீமெஷ்ஷுக்கு முன்னால் கண்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யாவிட்டால், வாக்ஸல் கணக்கு தப்பும், பிரஷ்ஷும் ஒரு பக்கம் கோணும். மெஷ்ஷைப் படிப்படியாக நுணுக்கமாக்கும் மல்டிரெஸ்ஸில் ஒவ்வொரு படிக்கும் மெஷ் நாலு மடங்கு பெருகும்: 20,000 முகங்களில் தொடங்கினால் நாலாவது படியில் 51 லட்சம். 15 செ.மீ. சிலைக்கு மூன்றாவது படியே தாராளம்; அதைவிட மெல்லிய நுணுக்கம் ப்ரைமருக்கு (வண்ணத்துக்கு முன் அடிக்கும் பூச்சு) அடியில் போய்விடலாம். டேப்லெட் பேனாவில் அழுத்தம் வேலை செய்யவில்லை என்றால் டிரைவரை அழித்துப் போராடாதீர்கள். பிரிஃபரன்ஸில் டேப்லெட் ஏபிஐ-யை விண்டேப், விண்டோஸ் இங்க் என மாற்றிப் பாருங்கள்.

சிலை சாயாமல் நிற்குமா என்ற கேள்விக்கு அச்சடித்துத்தான் விடை காண வேண்டும் என்பதில்லை. பிளெண்டரின் செட் ஆரிஜின் மெனுவில் சென்டர் ஆஃப் மாஸ் (எடை மையம்) இரண்டு வகை இருக்கிறது. உள்ளீடற்ற அச்சுக்கு சர்ஃபேஸ், கெட்டியான அச்சுக்கு வால்யூம். மேலிருந்து பார்க்கையில் அந்தப் புள்ளி பாதங்களுக்கு நடுவில் விழ வேண்டும். பாயும் யாளிக்கு அது எப்போதும் முன்னால்தான் விழும், ஏனென்றால் கல்லில் அந்தப் பாரத்தைத் தாங்கியது தூண். முன்னங்காலுக்குக் கீழே ஒரு குட்டி யானையை வைத்து ஊன்ற விட்டேன். தூண்களிலேயே யாளிக்கடியில் யானையைப் பார்த்திருப்பீர்கள். வால் முதுகின் வளைவைத் தொடர்ந்து இறங்கிப் பீடத்தைத் தொடுகிறது. கல்லில் இல்லாத முதுகுக்கு இதனாலேயே ஒரு வடிவமும் கிடைத்தது.

அச்சுக் கடைதான் பொறுமையைச் சோதித்தது. பென்டிரைவைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஃபைல்ல எர்ரர் வருதுண்ணா, சரி பண்ணி எடுத்துட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. என்ன எர்ரர், எந்த இடத்தில் என்றால், "அது தெரியாதுண்ணா, சிவப்பா காட்டுது." ஒரு பயணம் அதோடு போச்சு. அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்த துண்டுகளாகவோ, மூடாத விளிம்பாகவோ இருக்கும். பற்களையும் கண்களையும் பூலியன் யூனியனில் (துண்டுகளை ஒரே உடலாக்கும் வசதி) உடம்போடு இணைத்து, 3டி பிரின்ட் டூல்பாக்ஸ் ஆட்-ஆனில் நான்-மேனிஃபோல்டு (சரியாக மூடாத விளிம்புகள்) எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். அச்சுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட்: 50 லட்சம் முக்கோணம் 250 எம்பி, கடைக் கணினி திணறும். டெசிமேட் செய்து (முக்கோணங்களைக் குறைத்து) 5 லட்சத்துக்கு இறக்கினால் 25 எம்பி, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கடைக்கு எதையும் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். உயரம் 150 மி.மீ. (ஸ்கேலை மறந்து ஏற்றுமதி செய்த கோப்பு அங்கே 1.5 மி.மீ. ஆகத் திறக்கும்), சுவர் 2 மி.மீ., பீடத்தின் அடியில் 4 மி.மீ. வடிகால் துளை இரண்டு, முகத்திலும் தந்தத்திலும் சப்போர்ட் (அச்சிடும்போது தாங்கும் குச்சிகள்) கூடாது. துளை இல்லாமல் உள்ளே தங்கும் இறுகாத ரெசின், நாள் கழித்துச் சிலையை உள்ளிருந்து வெடிக்க வைக்கும்.

இத்தனைக்கும் பிறகு மனம் நிறைந்தது வாய்க்குள் உருளும் உருண்டையில். கல்தச்சர்கள் பல்லிடுக்கு வழியாகக் குடைந்து, வெளியே வராத கல்லுருண்டையை உள்ளேயே விட்டதைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலும் முடியும். 9 மி.மீ. உருண்டை, பல்லிடுக்கு 6 மி.மீ., சுற்றிலும் 0.5 மி.மீ. இடைவெளி. உடம்போடு யூனியன் செய்யாதீர்கள், உள்ளீடற்றதாக்கவும் விடாதீர்கள். அந்தரத்தில் தொங்கும் பொருளை ரெசின் பிரின்டரால் அச்சிட முடியாது என்பதால், கீழ்த்தாடையிலிருந்து 0.8 மி.மீ. தடிமனில் ஒரு தாங்குகாலை நீங்களே மாடலில் வைத்துவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவும்போது சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சச் சொல்லுங்கள். அங்கே தேங்கிய ரெசின் யூவி (புற ஊதா) வெளிச்சம் பட்டால் உருண்டையை ஒட்டிவிடும். யூவி வெளிச்சத்தில் இறுக்குவதற்கு முன்பே, ரெசின் மெத்தென்று இருக்கும்போது, நிப்பரை (சிறு வெட்டுக் குறடு) விட்டுத் தாங்குகாலை நறுக்க வேண்டும். டக்கென்று சத்தம் வந்து உருண்டை உருண்டதும், எர்ரர் என்று திருப்பி அனுப்பிய அதே தம்பி அதை வாங்கிக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

வண்ணம் பூசுவதானால் வாய்க்குள் ஈர டிஷ்யூவைத் திணித்துவிட்டு ப்ரைமர் அடியுங்கள். அரை மில்லிமீட்டர் சந்தில் ப்ரைமர் இறங்கினால் உருண்டை மறுபடி பிடித்துக்கொள்ளும்.