நரம்பு வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 7

ஒன்பதாம் வகுப்புக்கு முதல் நாள். மூளைப் படம், அம்புக்குறி எதுவும் போடவில்லை. நேரே நாடி பிடிக்கச் சொன்னேன். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து. (கட்டைவிரலால் பிடித்தால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும்.) துடிப்பு கிடைத்ததும் மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்: "மிஸ், மூச்சு விடும்போது லேட்டா அடிக்குது. எனக்கு ஹார்ட்ல ஏதாவது பிரச்சனையா?"

இல்லவே இல்லை. ஆரோக்கியமான இதயம் அப்படித்தான் அடிக்கும். நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் இதயம் தானாகவே நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 பக்கம் இருப்பது, மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு பிரேக்கில் கால் வைத்திருப்பதால். மூச்சை இழுக்கும்போது அந்தக் கால் சற்றுத் தளர்கிறது, விடும்போது அழுந்துகிறது. சிறு வயதில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். வயது கூடக் கூடக் குறைந்துவிடும். இதைச் சொன்னதும் எல்லோரும் என் கையைப் பிடித்துப் பார்க்க வரிசையில் நின்றுவிட்டார்கள். என் துடிப்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதில் அவர்களுக்கு ஏக சந்தோஷம்.

ஜூலை 9

ஆசிரியர்களுக்கான அமர்வு. உட்கார்ந்ததுமே முதல் கேள்வி: "மேடம், வகுப்பு சத்தமா இருந்தா ரெண்டு நிமிஷத்துல அடங்குற மாதிரி ஒரு பயிற்சி இருக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்தாலும் கொஞ்சம் சுருக்கென்கிறது. நரம்பு மண்டலத்தைச் சொல்லித்தருவது பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு புரிவதற்காக. அவர்களை வாயடைக்க வைக்க அல்ல. நான் இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஒரு பையன் மேசையைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான், அப்போது அவன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் வேலையைக் காட்டச் சில நொடிகள் போதும். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் நிதானமாக வரும்; சம்பவம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அதாவது சண்டை முடிந்து, மேசையை நிமிர்த்தி வைத்து, எல்லாரும் மறந்துவிட்ட பிறகும் அவன் உடம்புக்குள் அது ஏறிக்கொண்டிருக்கலாம். நிதானித்து யோசிக்கவும் வாயை அடக்கவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. கடும் பதற்றத்தில் அதன் பிடி தளர்ந்துவிடும். வளர்ந்து முடிப்பதிலும் அதுதான் கடைசி, இருபதுகளின் நடுப்பகுதி வரை இழுக்கும். அந்த நேரத்தில் போய் "ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

"அப்ப கேட்கவே கூடாதா?" என்றார் ஒருவர். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மதியம் கேளுங்கள்.

ஜூலை 10

மருந்தியலாளர் ஓட்டோ லோவியின் கதை இன்று. 1921இல் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருள் வழியே பேசுகிறது என்பதற்குச் சான்று கிடைத்தது. 1936இல் நோபல் பரிசு, ஹென்றி டேலுடன் சேர்த்து. சோதனையே கனவில் வந்தது என்பது லோவி தானே சொன்னது: முதல் இரவு கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை, மறு இரவு கனவு திரும்ப வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். என் கையெழுத்துக்கும் நோபல் உண்டா என்று ஒருவன் கேட்டான்.

ஜூலை 15

தேர்வுப் பயம். உள்ளங்கை வியர்வை, வறண்ட வாய், வயிற்றில் ஏதோ பிசைவது என்று பட்டியல் நீண்டது. கால்பந்து ஆடும் ஒரு பையன் யோசித்துவிட்டு, "மேட்சுக்கு முன்னாடியும் எனக்கு இதேதான் வருது. ஆனா அது பிடிக்கும்" என்றான். நான் அரை மணி நேரம் பேசிச் சொல்ல நினைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டான். உடம்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தயாரிப்பைத்தான் செய்கிறது. பெயர் வைப்பது நாம்.

ஜூலை 17

மறுபடி ஆசிரியர்கள். பதற்றம் என்றால் கத்துவது, ஓடுவது என்றே எல்லோர் மனதிலும் இருக்கிறது. உறைந்துபோவதும் அதே பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதிதான் என்றேன். தசை இறுகும், அசைவு நிற்கும், இதயத் துடிப்பு குறையக்கூடச் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் 'நல்ல பிள்ளை'. ஓர் ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என் வகுப்புல ஒருத்தி இருக்கா. அவளப் பத்தி நான் கவலையே பட்டதில்ல."

நிதானம், பதற்றம், உறைதல் என்று உடம்பின் நிலைகளைப் படிப்படியாகக் காட்டும் மூன்று நிற ஏணிப் படம் கேட்டார்கள். அது இந்த நிலைகளை வேகஸ் நரம்பை வைத்து விளக்கும், ஸ்டீபன் போர்ஜஸ் என்ற உளவியலாளர் 1994இல் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டை ஒட்டியது. பேச்சைத் தொடங்க உதவுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பரிணாமக் கதையையும் உடலியல் விளக்கத்தையும் மறுக்கும் உடலியலாளர்கள் இருக்கிறார்கள், நிரூபணமான அறிவியல் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சிலருக்கு ஏமாற்றம்.

ஜூலை 22

இரவு 2022இல் வெளிவந்த மிரியட் ஆய்வை மறுபடி எடுத்தேன். பிரிட்டனில் 8000க்கும் மேற்பட்ட மாணவர்கள். வகுப்பு முழுமைக்கும் மனஒருமைப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், வழக்கமான பாடத்தைவிட அவர்களின் மனநலம் மேம்படவில்லை. பலர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆச்சரியமில்லை; கேட்காதவருக்குக் கொடுத்த மருந்து. ஆசிரியர்களின் சோர்வு மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஆசிரியர் அமர்வுகளுக்கு நேரம் கூட்டிக் கேட்கப் போகிறேன்.

ஜூலை 24

நாடி பிடித்த அதே வகுப்பு. கண்ணை மூடுவது அவரவர் விருப்பம் என்று சொல்லித்தான் மூச்சுப் பயிற்சி தொடங்கினேன். மூடினால் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. முடித்ததும் ஒருவன் கை தூக்கினான்.

"மிஸ், நிஜமாவே அநியாயம் நடந்து கோபம் வந்தா? அப்பவும் மூச்சு விடணுமா?"

வேண்டாம் என்றேன். கோபத்தைப் போக்க இது வேண்டாம். கோபத்தோடே போய்த் தெளிவாகப் பேச உதவும் என்று உனக்குத் தோன்றினால் செய், இன்னொருவர் உன்னை அடக்கச் சொல்லித் தந்தால் செய்யாதே. அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த ஆசிரியர் அமர்வில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்க வேண்டும், அந்த இரண்டு நிமிடப் பயிற்சி கேட்டவர் வருவார்.